ஜெனரேட்டர் அறையின் அயலுறவு அமைச்சருக்கு

அரசியல் அறிவியல் துறைத் தலைவர் பேராசிரியர் அழகிரிசாமி அவர்கள் பணி நிறைவு பெறும் நன்னாளில், 1997 மே திங்களில், கல்லூரி ஆசிரியப் பெருமக்கள் அன்புடன் படித்தளிக்கும் மடல்.

அன்பின் அணையா விளக்கே! அறிவின் ஆழ்கிணறே! கத்தார் நாட்டைக் கருமத்தம்பட்டிச் சாலைக்கே கொண்டுவந்து சேர்த்த கல்விக் கடலே! வடக்குக் கட்டடத்தார் தம் வலக்கரம் என்றும், தெற்குக் கட்டடத்தார் தம் தோள் என்றும் ஒரே மூச்சில் உரிமை கொண்டாடும் விந்தையே! தங்களை வணங்குகிறோம், வாழ்த்துகிறோம், அத்தோடு சற்றே குழம்பியும் நிற்கிறோம்.

சட்டம் போட்டுச் சுவரில் மாட்டப்போகும் தாளில் குழப்பத்துக்கு இடம் கிடையாது என்பது தெரியாமல் இல்லை. ஆனால் இம்மடலை எழுதும் பொறுப்பு தமிழ்த்துறை வெங்கடபதியாகிய அடியேன் தலையில் விழுந்தது. தங்கள் அருங்குணங்களைச் சேகரிக்க முதலில் வடக்குக் கட்டடம் சென்றேன். வணிகவியல் துறைத் தலைவர் பாலுசாமி அவர்கள், “அழகிரிசாமி எப்பவுமே நம்ம ஆளுங்க. அதை மொதல்ல எழுதிப்போடுங்க” என்றார். எழுதிக்கொண்டு தெற்குக் கட்டடம் போனால், இயற்பியல் துறைத் தலைவர் ராமாமணி அம்மையார், “அவரு எங்க பக்கமுங்க. அது எல்லாத்துக்கும் தெரிஞ்ச சேதிதானுங்களே, நீங்க ஏன் இப்படி முழிக்கறீங்க?” என்றார். முழிக்காமல் என்ன செய்வது? இந்த இரு துறைகளும் எதில் ஒன்றுபட்டன என்று கேட்டால், இக்கல்லூரியில் யாராலும் பதில் சொல்ல முடியாது.

மாண்புமிகு பேராசிரியரே! மாணவர் குறைந்துபோனதால் தங்கள் துறையை இழுத்து மூடலாம் என்ற பேச்சு முன்பொரு முறை எழுந்தபோது, தாங்கள் கண்ணீர் விடவில்லை, கட்சி சேர்க்கவில்லை. புதிதாக வந்திறங்கிய ஜெனரேட்டரைக் கவனிக்க ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். புகை, சத்தம், டீசல் நாற்றம் என்று எல்லோரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு விலகினோம். தாங்களோ, “என் அறைக்குப் பக்கத்துலதானுங்க இருக்குது, நானே பாத்துக்கறனுங்க” என்று பணிவோடு சொன்னீர்கள். பாவம், நல்ல மனிதர், இளிச்சவாயர் என்று அன்று எங்களுக்குள் சிரித்துக்கொண்டோம். அடுத்த கோடையில் கரண்ட் போனபோதுதான் சிரிப்பு நின்றது.

அந்த இயந்திரம் ஒரு நேரத்தில் ஒரு கட்டடத்தை மட்டுமே தாங்கும். கைப்பிடியை வடக்கே தள்ளினால் வணிகவியலுக்கு விசிறி சுழலும். தெற்கே தள்ளினால் இயற்பியலுக்கு ஆய்வுக்கூடம் ஒளிரும். அந்தக் கைப்பிடி இருந்ததோ, இரண்டே ஆசிரியர் கொண்ட, கல்லூரியிலேயே மிகச் சிறிய துறையின் கையில்! டீசல் தருபவர் கல்லூரிச் செயலர் கருப்புசாமி அவர்கள். அவர் அறைக்குத் தனிக் கம்பி இழுத்துக் கொடுத்து அந்தப் பெரிய நட்பையும் தாங்கள் பத்திரப்படுத்திக்கொண்டீர்கள். இரு கட்டடத்தாரும் சம அளவில் வியர்த்தோம், சம அளவில் புலம்பினோம். ஆனால் தங்கள் துறையை மூடவேண்டும் என்று அதன்பின் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

வகுப்பறையில் தாங்கள் விரும்பி நடத்தியதும் அதே கதைதான் என்பது எங்களுக்கு மிகத் தாமதமாகவே உறைத்தது. கத்தார் என்றால் வேலைக்குப் போகிற இடம் என்று மட்டும் அறிந்திருந்த பிள்ளைகளுக்குத் தாங்கள் வரைபடத்தை விரித்தீர்கள். அந்தச் சின்னஞ்சிறு நாட்டுக்கு நிலத்தோடு ஒட்டிய பக்கம் ஒரு பெரிய அரசு. கடலுக்கு அப்பால் ஈரான். கடலடியில் இருக்கும் எரிவாயு வயலோ ஈரானுக்கும் பொது. காவலுக்குக் கைகொடுப்பது எங்கோ இருக்கும் அமெரிக்கா. வாயுவைக் குளிரவைத்துத் திரவமாக்கி ஜப்பானுக்குக் கப்பலேற்றத் தொடங்கிவிட்டார்கள் என்று இந்த ஆண்டு தாங்கள் சொன்னபோது, சொந்தப் பேரனுக்கு வேலை கிடைத்ததுபோல் முகம் மலர்ந்ததாம். “இத்தனை பேருக்கு நடுவுல அந்த நாடு யாரு பக்கமுங்க சார்?” என்று பிள்ளைகள் கேட்டால், தாங்கள் மணி அடிக்கும்வரை எல்லாத் தரப்பையும் விளக்கிவிட்டு, பதிலை மட்டும் சொல்லாமல் எழுந்து போய்விடுவீர்களாம். குழப்புவது தங்களுக்குக் கைவந்த கலை!

இனித்தான் இம்மடலின் இக்கட்டான பகுதி. செயலர் அவர்கள் மேடையில் அமர்ந்திருக்கும்போதே இதைப் படிக்கவேண்டியிருக்கிறது, பொறுத்தருள்க.

தாங்கள் ஓய்வு பெற்றதும் அரசியல் அறிவியல் துறை இருக்குமா, பூட்டப்படுமா என்பதை வரும் திங்கட்கிழமை ஆட்சிக்குழு முடிவு செய்யவிருக்கிறது. பூட்டினால், தங்களிடமே பயின்று தங்களோடே பணியாற்றும் தற்காலிக விரிவுரையாளர் நஃபீசா அன்றோடு வீட்டுக்குப் போகவேண்டியதுதான். துறையின் அறை வணிகவியலாருக்குக் கணிப்பொறி மையத்துக்கு வேண்டும். இயற்பியலாருக்குப் புது ஆய்வுக்கூடத்துக்கு வேண்டும். அறை யாருக்கோ, ஜெனரேட்டரும் அவருக்கே. ஆகவே இருவரும் துறையை மூடச் சொல்லித்தான் மனு கொடுத்திருப்பார்கள் என்று ஊரே நம்பியது.

போன வாரம், இம்மடலைத் திருத்துவதற்காக, இரு துறைத் தலைவர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். நம் பக்கத்து மரியாதை தாங்கள் அறியாததா? இத்தனை ஆண்டுகளாக இருவரும் வழியில் பார்த்தால், “நல்லாருக்கீங்களா?”, “பசங்க நல்லாப் படிக்கறாங்களா?” என்று வாய் நிறைய விசாரிப்பார்கள். சண்டைக்குக் காரணமான சங்கதியை மட்டும் நேருக்கு நேர் எடுக்கமாட்டார்கள். எடுப்பது மரியாதை இல்லை. அன்றுதான் பேச்சுவாக்கில், தங்கள் பெருந்தன்மைக்கு எடுத்துக்காட்டாகப் பாலுசாமி சொன்னார்: “துறையை மூடுனா அந்த அறை இயற்பியலுக்குப் போயிருமுங்கன்னு எங்கிட்ட மட்டும் சொன்னாருங்க. நானும் செயலர்கிட்டப் போயி, துறையை மூடாதீங்க, அந்தப் புள்ளையவே நிரந்தரமாப் போட்டுருங்கன்னு சொல்லிப்போட்டு வந்தேன்.”

ராமாமணி அம்மையார் கையிலிருந்த காபியைக் கீழே வைத்தார். “எங்கிட்ட மட்டும்தானுங்க சொன்னாரு. மூடுனா அறை வணிகவியலுக்குப் போயிருமுங்கன்னு. நானும் செயலரைப் பாத்து, மூடவே கூடாதுன்னுட்டுத்தான் வந்தேன்.”

பாலுசாமி சட்டென்று எழுந்தார். “ஏமாத்திப்போட்டாருங்க!” என்றார். நாங்கள் அனைவரும் சேர்ந்து அதில் பொய் எங்கே இருக்கிறது என்று தேடினோம். துறையை மூடினால் அறை இருவரில் ஒருவருக்குப் போகும், மெய்தான். இருவரிடமும் தாங்கள் எதையும் கேட்கவில்லை, அதுவும் மெய்தான். பாலுசாமி, செயலரிடம் போய்த் தம் சொல்லைத் திரும்பப் பெறப்போவதாகக் கதவுவரை போனார். “போயிட்டு வாங்க. நானும் பின்னாடியே வாரேன். ஆனா அறை யாருக்குன்னு அப்புறம் தெரியும்” என்றார் அம்மையார். பாலுசாமி கதவருகிலேயே நின்று யோசித்துவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தார். காபி ஆறிப்போனது.

அப்போதும் குழப்பம் தீரவில்லை. “அப்ப அந்த மனுசன் உண்மையில யாரு பக்கம்தான் இருந்தாரு?” என்று இருவரும் ஒரே குரலில் கேட்டார்கள். அவர்கள் ஒரே குரலில் பேசி நான் கேட்டது அதுவே முதல்முறை. செயலர் பக்கம் என்றேன். எனக்கே நம்பிக்கை வரவில்லை.

மூலையில் உட்கார்ந்து இம்மடலை நல்ல கையெழுத்தில் படியெடுத்துக்கொண்டிருந்த நஃபீசா தலையை நிமிர்த்தினாள். யாரும் அவளைக் கேட்கவில்லை. ஆட்சிக்குழு முடிவு அவள் சோற்றில் கைவைக்கிற முடிவு என்பது, செயலரிடம் அவளைப் பற்றிப் பேசியவர் உட்பட, அதுவரை எங்களில் ஒருவர் நினைவிலும் இல்லை என்பதை வெட்கத்தோடு சொல்கிறேன்.

“சார் எங்க பக்கமுங்க” என்றாள். “அந்தப் பக்கத்துல நாங்க ரெண்டே பேருதானுங்க. வேற ஆளில்லீங்க. அதனாலதான் உங்க கண்ணுக்குத் தெரியல.”

ராமாமணி அம்மையார்தான் முதலில், “துறையை மூடக் கூடாதுன்னு இந்த மடல்லயே எழுது அம்மணி, நானும் கையெழுத்துப் போடறேன்” என்றார். தமக்கு முன்னால் அவர் போட்டுவிடக் கூடாதென்று பாலுசாமி பேனாவைப் பிடுங்கினார். அது அன்பினாலா, போட்டியினாலா என்பது அவருக்கே தெரியாது. நாங்களும் மரியாதை கருதிக் கேட்கவில்லை.

ஆகவே செயலர் அவர்களே! தங்களிடம் தனித்தனியே வந்து சொன்னதை இரு கட்டடத்தாரும் இன்று சபையறிய ஒன்றாகச் சொல்கிறோம்: துறையை மூடாதீர்கள், நஃபீசாவை நிரந்தரமாக்கித் தலைவராகவே அமர்த்துங்கள். திங்கட்கிழமைவரை காத்திருப்பது முறைதான். ஆனால் அந்தப் பெண் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். ஒரு தலையசைப்பு போதும்.

எங்கள் ஏந்தலே, அழகிரிசாமிப் பேராசிரியரே! தாங்களும் துணைவியார் சாமியாத்தாள் அம்மையாரும் அவிநாசி இல்லத்தில் உடல் நலத்தோடும் உள்ள நிறைவோடும் நெடுங்காலம் நீடு வாழ்க! விசாரிக்க வருவோர் வடக்கா தெற்கா என்று பார்க்காமல் தின்பண்டமும் காபியும் தந்து வரவேற்க! தங்கள் வாழ்வில் இனி யாரையும் சமாளிக்கும் வேலை வராதிருக்க!

தங்களை எங்கள் பக்கம் இழுத்துவிட்டோம் என்று இத்தனை காலம் இரு தரப்பும் நம்பியிருந்தோம். இன்று இம்மடலின் கீழே கையெழுத்திட்டு நிமிர்ந்து பார்க்கிறோம், அத்தனை பேரும் தங்கள் பக்கம் நிற்கிறோம். எப்போது வந்து சேர்ந்தோம் என்பதுதான் எங்களுக்கு இன்னும் விளங்கவில்லை.

இங்ஙனம்,
விளங்காத போதும் மனமுவந்து கையொப்பமிட்ட
வடக்கு, தெற்குக் கட்டட ஆசிரியர்கள் அனைவரும்