எழுபத்திரெண்டு மார்க் தெரு

அந்தத் தெருவா? இருங்க, கண்ணாடியப் போட்டுக்கறேன். ஆமாம்மா, இது நான் போட்ட மார்க்குதான். ஏழு வருஷமா இந்தப் பக்கத்து ரோட்டுக்கெல்லாம், எவ்வளவு நல்லா இருக்குன்னு நூத்துக்கு நான்தான் மார்க் போடறேன். உக்காருங்க. அதுல வேணாம், அதுக்கு ஒரு கால் ஆடும். கம்ப்யூட்டர் ரூம்லேருந்து இந்த மாடிக்கு யாரும் எறங்கி வந்ததே இல்ல.

என்னது, உங்க கணக்கும் என் மார்க்கும் அச்சு அசலா ஒத்துப்போகுதா? தொண்ணூறு, எண்பத்தேழு, எண்பத்திநாலு... இப்ப எழுபத்திரெண்டு. ஆயிரத்துச் சொச்சம் தெருவுல இது ஒண்ணுதான் கோடு பிசகாமப் போகுதாக்கும். நாளைக்கு மீட்டிங்ல இதைக் காட்டப்போறீங்க. பெரிய ஆபீசர் கையெழுத்துப் போட்டுட்டா இனிமே யாரும் தெருத்தெருவா நடக்க வேணாம், எந்த ரோடு எப்பக் கெடும்னு கம்ப்யூட்டரே சொல்லிடும். அட, என் வேலை போயிடும்னு சொல்லலம்மா. எனக்கு ரிட்டையர் ஆக எட்டு மாசம்தான் இருக்கு. ஆனா கொஞ்சம் கேளுங்க.

ரோடு அப்படிக் கெடாது. வருஷத்துக்கு மூணு மார்க்குன்னு ஒழுங்கா எறங்காது. நாலஞ்சு வருஷம் கல்லு மாதிரி கெடக்கும். அப்புறம் மயிரிழை அகலத்துக்கு ஒரு வெடிப்பு. அதுல தண்ணி எறங்கும். அடியில மண்ணு கரையறது மேல நிக்கிறவனுக்குத் தெரியாது. எவனாவது குழாய்க்குத் தோண்டிட்டு அரைகுறையா மூடிட்டுப் போயிடுவான். ஒரே மழையில நாப்பது மார்க் காலி. அதனாலதான் நடந்து பாக்கணுங்கறது. குனிஞ்சு, ஸ்கேல வச்சு அளக்கணும். என் முட்டி தேஞ்சதே அதுலதான்.

என்ன கேட்டீங்க? அப்ப இந்தத் தெரு மட்டும் எப்படி ஒழுங்கா எறங்குச்சுன்னா?

நான் அங்க போகவே இல்லம்மா.

அடுத்த வருஷம் இத்தனை மார்க் இருக்கும்னு உங்க மிஷின் ஒரு தாள் அனுப்புதுல்ல, அதைப் பாத்து எழுதிட்டேன். நீங்க அதை வாங்கித் திரும்ப அதுக்கே ஊட்டியிருக்கீங்க. ஒத்துப்போகாம என்ன செய்யும்? தண்ணி குடிங்க. மத்த தெருவெல்லாம் சத்தியமா நடந்து பாத்ததுதான். இது ஒண்ணுதான் இப்படி.

என் தம்பி வீடு அங்க இருக்கும்மா. அப்பா போன அன்னிக்கு நான் எங்கயோ ரோடு அளந்துட்டு, எல்லாம் முடிஞ்சப்புறம் வந்து நின்னேன். பத்துப் பேரு முன்னாடி, இனி என் வாசப்படிய மிதிக்காதன்னுட்டான். எனக்கும் ரோஷம் பொத்துக்கிட்டு வந்துச்சு. வாசப்படி என்னடா, உன் தெருவையே மிதிக்க மாட்டேன்னுட்டு வந்துட்டேன். தெருவ மிதிக்கறதே பொழப்பா இருக்கிறவன் பேசற பேச்சா அது.

போன மாசம் ஒரு புகார் போன். நான்தான் எடுத்தேன். சார், எங்க தெருவுல தார் லேசா உள்வாங்குது, லாரி போனா அதிருது, யாராவது வந்து பாருங்கன்னான். குரலக் கேட்டதும் தம்பின்னு தெரிஞ்சுபோச்சு. நான் காட்டிக்கல. தாளைப் பாத்து, எழுபத்திரெண்டு மார்க் சார், இன்னும் ஆறு வருஷத்துக்கு ஒண்ணும் ஆகாதுன்னேன். சரிங்க சார்னு வச்சுட்டான்.

உங்க கணக்குல இன்னும் ஏறியிருக்காது. புதன்கிழமை காலையில அந்த எடம் அப்படியே உள்ள போயிடுச்சு. ஸ்கூட்டரோட ஒருத்தன்... ஆமாம்மா, அவன்தான். நேத்துதான் எடுத்தோம். போயிட்டு வந்தேன், அந்தத் தெருவுல நடந்துதான் போனேன். எந்திரிக்காதீங்க, உக்காருங்க. எனக்கு ஆறுதலெல்லாம் வேணாம். நாளைக்கு இதை மட்டும் காட்டாதீங்க.

அவன் பொண்டாட்டி சொன்னா. ஆபீசுக்கு போன் பண்ற வரைக்கும் அந்த எடத்த விட்டு ஒதுங்கி, சுத்திதான் போயிட்டிருந்தானாம். போனை வச்சுட்டு அவகிட்ட சொல்லியிருக்கான், ஆபீஸ்ல பேசினது அண்ணன்தான், ரோடு விஷயத்துல அவன் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு. அன்னிலேருந்து அது மேலயே போக ஆரம்பிச்சிருக்கான்.