பெனால்டிக்குத் திரும்பி நிற்பவர்

மாமா: அடிச்சாச்சா?

மாப்பிள்ளை: இன்னும் இல்ல மாமா. இப்பதான் பந்தை வைக்கறான்.

மாமா: இவ்வளவு நேரமா? வைக்கறானா, நடறானா?

மாப்பிள்ளை: நீங்களே திரும்பிப் பாருங்களேன்.

மாமா: போடா. பெனால்டின்னா நான் மைதானத்துக்கு முதுகைத்தான் காட்டுவேன். நான் பார்த்தா உள்ள போகாது. ஊருக்கே தெரியும்.

மாப்பிள்ளை: பின் வரிசைக்காரங்க எல்லாம் உங்க மூஞ்சியையே பார்க்கறாங்க.

மாமா: பார்க்கட்டும். சவரம் பண்ணிட்டுத்தான் வந்திருக்கேன். ஓடறானா?

மாப்பிள்ளை: ஓடறான்... அய்யோ!

மாமா: என்னடா அய்யோ?

மாப்பிள்ளை: கம்பத்துக்கு மேல போயிடுச்சு.

மாமா: நாசமாப் போச்சு! என்னைத் திரும்பச் சொன்னேல்ல, அந்த வாய்தான்.

மாப்பிள்ளை: புது ஸ்டேடியத்துல நாலு மூலையிலயும் பெரிய திரை வைக்கப்போறாங்களாம். அப்ப எந்தப் பக்கம் திரும்புவீங்க?

மாமா: முதல்ல கட்டட்டும். மைதானத்தை விக்கலாமான்னு ரசிகருங்க போன்ல போட்ட ஓட்டோட முடிவை இடைவேளையிலதானே சொல்றாங்க? தோத்துடும் பாரு. இந்த மைதானத்தை விக்க எந்த ரசிகன் சம்மதிப்பான்?

மாப்பிள்ளை: உட்காருங்க மாமா. கூரை ஒழுகுது... இப்படி நகருங்க.

மாமா: ஒழுகினா என்ன? நம்ம கூரை. அந்தக் கிளப் முதலாளி ஊருக்கு வெளியில கொண்டுபோய்க் கட்டுவான். கூடவே ஒரு ஹோட்டல், நாலு மாடிக் கடை. அங்க போறவன் முடி வெட்டிக்க இவ்வளவு தூரம் வருவானா? எதிர்ல மைதானம் இருக்கறதாலதான்டா என் சலூன் ஓடுது.

மாப்பிள்ளை: அங்கயே ஒரு கடை போடலாம்ல...

மாமா: அவன் கேக்கற வாடகைக்கு நான் முடியை இல்ல, தலையைத்தான் வெட்டணும்.

மாப்பிள்ளை: முதலாளி பணம் போடலேன்னா டீமே இருக்காது மாமா. நல்ல ஆட்டக்காரங்க வேண்டாமா?

மாமா: பந்து உருண்டையா சதுரமான்னு அந்த முதலாளிக்குத் தெரியுமா? அவனுக்கு வேண்டியது இந்த நிலம். டீம் அவனுக்குக் கறிவேப்பிலை.

மாப்பிள்ளை: எங்க பஸ் டிப்போல பாதிப் பேர் கிளப்போட பங்கு வாங்கி வச்சிருக்காங்க. ஸ்டேடியம் வந்தா விலை ஏறுமாம்.

மாமா: வராட்டி?

மாப்பிள்ளை: வெறும் காகிதம்தான்.

மாமா: ஆசை வச்ச இடத்துல காசு போடக் கூடாது மாப்ள. கண்ணு தெரியாது. நீ ஒண்ணும் வாங்கலையே?

மாப்பிள்ளை: நானா? பஸ் ஓட்டறவன்கிட்ட ஏது மாமா...

மாமா: அதானே. வீடு கட்டச் சேர்த்த பணத்தை எவனாவது இதுல போடுவானா?

மாப்பிள்ளை: ...ஆட்டத்தைப் பாருங்க.

மாமா: நம்ம ரெண்டு பேர் ஓட்டும் 'விக்க வேண்டாம்'லதானே விழுந்திருக்கு?

மாப்பிள்ளை: அதுலதான்.

மாமா: என்னோடதையும் நீதானே போட்ட. எனக்கு நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கிச்சு, பெனால்டி மாதிரியே. போனை உன் கையில குடுத்து 'நீயே அழுத்துடா'ன்னுட்டு, சலூன்ல அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டேன்.

மாப்பிள்ளை: அதான் போட்டாச்சே மாமா! எத்தனை தரம் கேப்பீங்க?

மாமா: சும்மா கேட்டேன்டா. ஏன் உனக்கு இப்படி வேர்க்குது? மழை பெய்யுது...

மாப்பிள்ளை: இருங்க, இடைவேளை விசில். மைக்ல சொல்றாங்க...

மாமா: ம்.

மாப்பிள்ளை: ஜெயிச்சிடுச்சு மாமா. மைதானத்தை விக்கறாங்க. ஒரே ஒரு ஓட்டு வித்தியாசம்.

மாமா: ஓ.

மாப்பிள்ளை: மாமா...

மாமா: ஒரே ஒரு ஓட்டு! யாருடா அந்தப் புண்ணியவான்?

மாப்பிள்ளை: நான் போய் டீ வாங்கிட்டு வரட்டுமா?

மாமா: உட்காரு.

மாப்பிள்ளை: எல்லாரும் கத்தறாங்க. நீங்களும் கத்துங்களேன். ஒரு மாசமா நீங்கதானே எல்லாரையும் கூட்டி வச்சுக் கத்தினீங்க?

மாமா: தொண்டை கட்டிக்கிச்சு.

மாப்பிள்ளை: சலூனை... என்ன பண்ணப்போறீங்க?

மாமா: தலை இருக்கற ஊர்ல முடி வளராமலா போயிடும்? பார்த்துக்கலாம். உங்க அக்காகிட்ட நான் சொல்லிக்கறேன்.

மாப்பிள்ளை: என்ன சொல்வீங்க?

மாமா: தம்பி வீடு கட்டப்போறான்னு.

மாப்பிள்ளை: எந்த... எந்தப் பணத்துல மாமா?

மாமா: காகிதம்தான் பணமாயிடுச்சே மாப்ள. அக்காவுக்குத் தெரியாம தம்பி எதையாவது வாங்கிட முடியுமா? ஓட்டுப் போட்ட அன்னிக்குக் காலையிலயே சொல்லிட்டா. அழுதுக்கிட்டே சொன்னா.

மாப்பிள்ளை: மாமா, நான் ஒண்ணு சொல்லணும்... அந்த ஓட்டு...

மாமா: ஆட்டம் ஆரம்பிச்சாச்சு. பேசாம பாரு.

மாப்பிள்ளை: இல்ல மாமா, கேளுங்க...

மாமா: தள்ளிட்டான்! டேய், தள்ளிட்டான்டா!

மாப்பிள்ளை: பெனால்டி! நமக்குத்தான்!

மாமா: வைக்கச் சொல்லு பந்தை.

மாப்பிள்ளை: ...என்ன மாமா, திரும்பலையா? நீங்க பார்த்தா உள்ள போகாதே!

மாமா: வேண்டாம்டா. அன்னிக்கு சலூன்ல திரும்பி நின்னேனே... எதிர்ல சுவர் முழுக்கக் கண்ணாடி. உன் விரல் 'விக்கலாம்'ல விழுந்ததைப் பார்த்துட்டேன். ஓட்டை மாத்தறதுன்னா அன்னிக்குச் சாயந்திரம் வரைக்கும் மாத்தியிருக்கலாம். போன் என் சட்டைப் பையிலயேதான் இருந்துச்சு. அதைப் பார்த்துட்டே சும்மா இருந்தவனுக்கு இது என்னடா... அடிக்கட்டும்.