இரண்டு வாரம் என்றால் எத்தனை நாள்

வியாழக்கிழமை. மாலை ஐந்து நாற்பது. அவர் ஓடுகிறார். வீடியோ காலில் இருக்கிற போன் அவர் கையில். படத்தில் தரை தெரிகிறது, செருப்பு தெரிகிறது, மறுபடி தரை, பிறகு வானம். நான் பெரிய காஞ்சிபுரத்தில், தறிக்குழியில் கால்களைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். என் போன் தறிக்கட்டையில் சாய்ந்து நிற்கிறது.

“கலா, போனை வெக்காத!”

முதல் சத்தம் தகரக் கூரையில் செங்கல் விழுந்ததுபோல் இருந்தது. இரண்டாவது நீளமானது. சீறிக்கொண்டு வந்து நின்றது. நின்ற பிறகுதான் வெடித்தது.

“கீழ படுங்க! படுங்க!” கத்துகிறேன். கடல் கடந்து இருக்கிற ஆளுக்கு நான் வழி சொல்கிறேன். என் வீட்டில்தான் ஏதோ ஆகிவிட்டது என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடி வந்தார்கள்.

அவர் என் கணவர் சேகர். வளைகுடாவில் ஒரு துறைமுகத்தில் கப்பல்களுக்கு வெல்டிங் செய்தவர். அந்த வியாழக்கிழமை அவர் ஏன் அங்கே இருந்தார் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நான் சொல்லித்தான் இருந்தார்.

அந்த நாட்டுக்கும் பக்கத்து நாட்டுக்கும் மாதக்கணக்காக உரசல். திங்கட்கிழமை காலை டிவியில் செய்தி. இந்தச் சண்டையில் தலையிடுவதா வேண்டாமா என்று இரண்டு வாரத்தில் முடிவு செய்வோம் என்று அமெரிக்கா சொல்லிவிட்டதாம். ஒரே வாக்கியம். கோட்டு போட்ட நாலு பேர் அதை வைத்து ஒரு மணி நேரம் ஓட்டினார்கள்.

ஊருக்குப் போக விரும்புகிறவர்கள் செவ்வாய்க்கிழமை விமானத்தில் போகலாம் என்றது கம்பெனி. அவர் அறையில் ஏழு பேர். இரண்டு பேர் பெட்டி கட்டிவிட்டார்கள். இவருக்கு ஒப்பந்தம் முடிய இன்னும் பதினெட்டு நாள் இருந்தது. முடித்தால்தான் மறுபடி கூப்பிடுவார்கள். என்ன செய்யலாம் என்று என்னைக் கேட்டார்.

எங்கள் தெருவில் பதினைந்து நாள் என்றால் பதினைந்து நாள் அல்ல. புடவை எப்போது என்று கடைக்காரர் கேட்பார். பதினைந்து நாள் என்போம். மழை வரும், கஞ்சி போட்ட பாவு நூல் காயாது. ஜரிகை வந்து சேராது. தெருவில் ஒரு சாவு விழும். இருபத்தைந்தாம் நாள் தறியிலிருந்து அறுத்துக் கொடுப்போம். கடைக்காரரும் அதைத் தெரிந்துதான் கல்யாணக்காரர்களிடம் ஒரு மாதம் என்று சொல்லியிருப்பார். சொன்ன நாளுக்கு முன்னால் புடவை தந்த நெசவாளியை நான் பார்த்ததே இல்லை. அமெரிக்காவையும் எங்கள் தெருவில் ஓர் ஆள் என்று நினைத்துவிட்டேன்.

“ரெண்டு வாரம்னா இருபத்தஞ்சு நாளு ஆவும். அதுக்குள்ள உங்க வேலை முடிஞ்சிடும். முடிச்சிக்கினு வாங்க” என்றேன்.

அவரும் தறியில் உட்கார்ந்து வளர்ந்தவர்தான். “ஆமா, அதுவும் சரிதான்” என்று சிரித்தார். செவ்வாய்க்கிழமை விமானம் அவர் இல்லாமல் கிளம்பியது.

நான் மட்டும் முட்டாள் என்றால்கூடத் தேவலை. பேரம் பேச இரண்டு வாரம் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டது அவர் இருந்த நாடு. துறைமுகத்தை மூடவில்லை. ஒரு சைரன்கூட வைக்கவில்லை. இரண்டு வாரத்துக்கு அமெரிக்கா குறுக்கே வராது என்று எடுத்துக்கொண்டது பக்கத்து நாடு. அதற்குள் முடித்துவிடலாம் என்று வியாழக்கிழமையே அடித்தது. ஆளாளுக்கு வேண்டியதைக் காதில் வாங்கிக்கொண்டோம். அவர்கள் வாங்கியதில் குண்டு விழுந்தது. நான் வாங்கியதில் அவர் அங்கே நின்றார்.

ஐந்து நாற்பத்தாறு. ஒரு சுவருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறார். முகமெல்லாம் வெள்ளைத் தூசி. மூச்சு வாங்குகிறது. தாகம் என்று கையால் காட்டுகிறார். என் பக்கத்தில் சொம்பு நிறையத் தண்ணீர் இருக்கிறது.

ஐந்து ஐம்பத்தொன்று.

“முருகா! அந்தாண்ட போவாத! கேஸ் இருக்குதுடா!”

அது எனக்குச் சொன்னது அல்ல. முருகன் அவருடைய அறைத்தோழன், வாலாஜாபாத்துக்காரன். அவர் கடைசியாகப் பேசியது அதுதான். ஐம்பத்திரண்டில் படம் நின்றது. வாய் பாதி திறந்தபடி திரையில் இருந்தார். கொஞ்ச நேரத்தில் அதுவும் போய்விட்டது. மறுபடி மறுபடி அடித்தேன். மணி போகவே இல்லை.

பதினோராம் நாள் முருகன் என் வீட்டுக்கு வந்தான். கையில் கட்டு. “அண்ணன் கத்துனதாலதான் நின்னேன் அண்ணி” என்று அழுதான். உயிரோடு வந்தானே என்று அவன்மேல் எனக்குக் கோபம் வந்தது. மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், வந்தது.

அமெரிக்கா பிறகு பேசியது. யாருக்கும் எந்த அனுமதியும் தரவில்லை, சொன்னதற்கு வேறு அர்த்தமே கிடையாது என்றது. உண்மையாகக்கூட இருக்கலாம். கலெக்டர் ஆபீஸ் படிவத்தில், அவர் முன்பே ஊர் திரும்பாததற்குக் காரணம் கேட்டிருந்தார்கள். ‘பணி முடியவில்லை’ என்று அங்கிருந்தவர் எழுதிக்கொண்டார். நான் சொன்ன காரணத்துக்கு அதில் இடம் இல்லை.

அறையில் ஏழு பேர். செவ்வாய்க்கிழமை வந்தவர்கள் இரண்டு. பிறகு வந்தவர்கள் இரண்டு. மூன்று பேர் பெட்டியில் வந்தார்கள். அதில் ஒருவர் சேகர், வயது நாற்பத்தொன்று. பெட்டியைத் திறக்க வேண்டாம் என்றார்கள். திறக்கவில்லை. அவருடைய போன் வரவில்லை. கைக்கடிகாரம் வரவில்லை. எனக்கு வாங்கி வைத்திருப்பதாகச் சொன்ன மிக்ஸி வரவில்லை.

அன்று தறியில் இருந்த புடவைக்கு, அதே திங்கட்கிழமை, கடைக்காரரிடம் பதினைந்து நாள் சொல்லியிருந்தேன். அறுத்துக் கொடுத்தது இருபத்தாறாம் நாள். சேகர் வேலை முடித்துக் கிளம்பியிருக்க வேண்டிய நாள் போய் எட்டு நாள். கடைக்காரர் ஒன்றும் கேட்கவில்லை. எங்கள் ஊரில் அது தாமதம் இல்லை.