அறுபது மூட்டைக்கு மேல் விடாத அந்தோணி பிரபு

மேடையில் வீற்றிருக்கும் உழவர் குழுத் தலைவி கெங்கம்மாள் அவர்களே, பங்குத் தந்தை அவர்களே, பட்டணத்தார் வேர்க்கடலை என்கிற நம் மல்லாட்டையைக் களத்தில் காயப்போட்டுவிட்டு வந்திருக்கும் திண்டிவனம், விழுப்புரம் சனங்களே! கதவோரம் நிற்கும் தரகர் பூமாலையின் ஆட்களே, உங்களுக்கும் வணக்கம். இன்றைக்கு நான் பேசுவதே உங்களுக்காகத்தான்.

கம்ப்யூட்டர் சிங்கம் அந்தோணி பிரபு என் அக்காள் மகன். எட்டாவது வரை படித்த நான் தோளில் தூக்கி வளர்த்த பிள்ளை! எடை போட நம் குழு டோக்கன் கொடுக்கிறதே, அந்த வலைத்தளத்தைப் பைதான் என்ற கம்ப்யூட்டர் மொழியில் கட்டியவன் அவன். அமெரிக்காவில்கூட இப்படி ஒன்று கிடையாது, நான் விசாரித்துவிட்டேன்.

முதல் நாள், மூட்டை எத்தனை என்று கேட்ட கட்டத்தில் "சுமார் நாப்பது" என்று அடித்தேன். திருப்பி அனுப்பிவிட்டது! போனில் பிடித்தேன்.

"மாமா, சுமாரெல்லாம் செல்லாது. நம்பரைப் போடுங்க."

"தாய்மாமன்டா நானு!"

"யாரா இருந்தாலும் ஒரு டோக்கனுக்கு ஒண்ணுலேர்ந்து அறுபதுக்குள்ளதான்."

மாமனுக்கே வளையாதவன் தரகருக்கு வளைவானா? பூமாலை என்ன செய்தார்? திரையில் தடை இருக்கிறதென்று, ஆள் வைத்து நேராக சர்வருக்கே தொள்ளாயிரம் மூட்டை என்று அனுப்பினார். மூன்று நாள் எடைமேடை அவருக்கே போனது! மழையில் உங்கள் மல்லாட்டை முளைத்ததே, மறந்துவிட்டீர்களா? பிரபு மறக்கவில்லை. கம்ப்யூட்டரில் ஒரே ஒரு வரி எழுதி, வருகிற ஒவ்வொரு விவரத்தையும் சர்வர் வாசலிலேயே நிறுத்திச் சோதித்தான். எண்ணா? முழு எண்ணா? அறுபதுக்குள்ளா? இல்லையென்றால் வெளியே!

அதற்காகத்தான் போன செவ்வாய்க்கிழமை பட்டப்பகலில் பிரபுவைத் தேடி வந்தார்கள். போலீஸ் கணக்கில் நான்கு பேர். என் கணக்கில் பதினான்கு! இரும்புக் குழாயால் வலது கையை உடைத்தார்கள்.

"அந்த வரிய அழிடா!"

"அழிக்க ஒரு கை போதும்ணே. ஆனா மாட்டேன்."

அடுத்த அடி மண்டையில். கீபோர்டு முழுக்க ரத்தம்! நாற்காலியைத் தூக்கி ஆறு பேரை நான் சாய்த்தேன்; அதற்குள் பிள்ளை ஒரேயடியாகச் சாய்ந்துவிட்டான்.

நேற்று, அவனோடு வேலை செய்த சகாய பிரியாவுக்குத் தூது வந்தது: "எதுக்கும்மா பேஜாரு? அந்த வரிய எடுத்துட்டு நிம்மதியா இருந்துக்கினு போ." எடுத்திருப்பாள் என்று நம்பி, இன்று காலை மறுபடியும் தொள்ளாயிரம் மூட்டை! வந்த பதில் என்ன? பிரபு எழுதிவைத்துவிட்டுப் போன பதில்! பிரியா படிக்க, களமே நின்று கேட்டது:

"அண்ணே, அறுபதுக்கு மேல ஆவாது. சரியா போட்டுட்டு வாங்க."

கதவோரத்துக்காரர்களே, அந்த வரி இருக்கும். பிரியாவைத் தொட வேண்டுமென்றால் முதலில் எங்கள் கைகளை உடைக்க வேண்டும். மருமகனே, சுமாராகச் சொல்லவில்லையடா. வாசலில் நின்று எண்ணினேன். முந்நூற்றுப் பன்னிரண்டு பேர்.