கடைசிப் பெட்டி போகும்வரை கண் எடுக்காதவருக்கு

பணியே பிணியெனச் சலிக்காது, பணியே அணியெனத் தரித்த பண்பின் பெட்டகமே! கண்டிப்பும் கனிவும் கைகோத்து நடக்கும் கடமைச் செல்வியே! முப்பத்தாறு ஆண்டுகள் பச்சைக் கொடியைப் பதறாமல் பிடித்த எங்கள் பாசத்திற்குரிய ஸ்டேஷன் மாஸ்டர் அம்மாவே! வணக்கம், வணக்கம், பல்லாயிரம் வணக்கம்!

இந்தப் பிரிவுபசார மடலின் முதல் பத்தியை நம் டிக்கெட் கிளார்க் எழுதி முடித்துப் படித்துக் காட்டியபோது, தண்டவாளம் மாற்றிவிடும் நம் பாயிண்ட்ஸ்மேன் சிரித்துவிட்டார். "அம்மாவா, பதறாமலா? ஃபிரேம் போட்டு மாட்டப் போறோம் சார், பொய் எழுதாதீங்க" என்றார். அவர் சொன்னது சரி. ஆகவே திருத்திக்கொள்கிறோம்: பச்சைக் கொடியைப் பதறிப் பதறியே பிடித்த அம்மாவே!

எத்தனை டீ பாதியில் ஆறிப்போயிருக்கும்! வண்டிச் சத்தம் கேட்டதும் தாங்கள் பிளாட்பார ஓரத்துக்கு ஓடுவீர்கள். கடைசிப் பெட்டியின் முதுகில் பெருக்கல் குறி போட்ட ஒரு பலகை தொங்கும். அது கண்ணில் பட்டால்தான் வண்டி நடுவில் அறுந்து போகாமல் முழுசாக வந்திருக்கிறது என்று பொருள். அதைப் பார்த்த பிறகே அறைக்கு வந்து, பின்னாலுள்ள ஸ்டேஷனுக்குப் போன் போட்டு, "முழுசா வந்துடுச்சு" என்பீர்கள். அந்தச் சொல் கிடைத்த பிறகுதான் அவர்கள் அடுத்த வண்டியை அனுப்புவார்கள். போனை வைத்ததும் எங்கள் பக்கம் திரும்பி, "நீங்களும் பார்த்தீங்கதானே?" என்று கேட்பீர்கள். தாங்கள் கண்ணால் பார்த்ததை நாங்களும் பார்த்தோமா என்று கேட்பதற்கு என்ன காரணம் என்று வருஷக்கணக்கில் மண்டையைப் பிய்த்துக்கொண்டோம்.

இரண்டு மாதங்களுக்கு முன் அது தெரிந்தது. அன்று தாங்கள் மேலதிகாரியோடு போனில் இருந்தீர்கள். பாயிண்ட்ஸ்மேன் செருப்பு வாரை மாட்டிக்கொண்டே, தலையைத் தூக்காமல், "பலகை தாண்டிப் போயிடுச்சும்மா" என்றார். தங்கள் முகம் வெளுத்தது. போனை அப்படியே போட்டுவிட்டு ஓடினீர்கள். பலகை இருந்தது. ஆனாலும் பார்க்காமல் சொன்னதற்காகத் திரும்பி வந்து அவரைப் பிடித்த பிடியில் நாங்களே வாசல்வரை பின்வாங்கினோம். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, கட்டை விரல் நகத்தைக் கடித்தபடி ஒரு கதை சொன்னீர்கள். அதை இங்கே எழுதலாமா என்று கேட்டோம். "எழுதுங்க. அப்பா போய்ச் சேர்ந்தாச்சு. இனி யாரைத் தண்டிக்கப் போறாங்க?" என்றீர்கள்.

இதே ஊரில், இதே பாதையின் கிழக்குக் கோடியில், லீவரை இழுத்துத் தண்டவாளம் மாற்றும் ஒரு கேபின் இருந்தது. அப்போது ஒரு நாளைக்கு முப்பத்து நாலு வண்டிகள். கரி எஞ்சின்கள் நிற்கும் ஷெட்டின் சங்கு ஊதினால் ரயில்வே குடியிருப்பின் முந்நூறு வீடுகளும் சோற்றுத் தட்டை எடுக்கும். கொடியில் துணி காயப்போட்ட பெண்கள் கூட்ஸ் வண்டியின் புகையைப் பார்த்ததும் வாரிச் சுருட்டிக்கொண்டு உள்ளே ஓடுவார்கள். சுற்றுச்சுவரில் வரிசையாக உட்கார்ந்த பிள்ளைகள் பெட்டி எண்ணுவார்கள். நாற்பதா நாற்பத்தொன்றா என்று அடித்துக்கொள்வார்கள்.

அந்தக் கேபின்காரரின் மகளுக்கு வயது ஒன்பது. மத்தியானம் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோய் வைத்துவிட்டு கேபின் படியில் உட்கார்ந்துகொள்வாள். பலகையைப் பார்த்துச் சொல்ல வேண்டியது அப்பாவின் வேலை. ஆனால் அவள் கண் கூர்மையானது. "பலகை போயிடுச்சுப்பா!" என்று அவள் கத்துவதும், அவர் ஸ்டேஷனுக்குப் போன் சுற்றுவதும் நாளடைவில் அவர்களுக்குள் பழக்கமாகிவிட்டது. கெட்டிக்காரி என்று அவருக்குப் பெருமை வேறு.

ஒரு நாள் அப்பா குனிந்து லீவருக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். கூட்ஸ் வண்டி போய்க்கொண்டிருந்தது. மகள் படியில் கூழாங்கற்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். "பலகை போச்சாடி?" என்று குரல் வந்தது. கல்லிலிருந்து கண் எடுக்காமல், "போயிடுச்சுப்பா!" என்றாள். பிறகுதான் நிமிர்ந்தாள். கடைசிப் பெட்டி கடந்துகொண்டிருந்தது. அதன் முதுகில் ஒன்றுமில்லை. எப்போதும் கடைசிப் பெட்டியில் நின்று கை ஆட்டும் கார்டு மாமாவும் இல்லை.

சொன்னால் அடி விழும். ஒருவேளை பலகை கழன்று விழுந்திருக்கலாம், ஒருவேளை மாமா உள்ளே தூங்கியிருக்கலாம் என்று என்னென்னவோ நினைத்துக்கொண்டாள். உள்ளே அப்பா, "முழுசா வந்துடுச்சு சார்" என்று போனில் சொல்வது கேட்டது. அவள் மூன்று நிமிஷம் பேசாமல் இருந்தாள். பிறகு உள்ளே போய், "அப்பா, நான் பார்க்கலப்பா" என்றாள்.

அந்த மூன்று நிமிஷத்தில் பின்னாலுள்ள ஸ்டேஷன் பாசஞ்சர் வண்டியை அனுப்பியிருந்தது. கொக்கி அறுந்து பாதையில் நின்ற பதினோரு பெட்டிகளை நோக்கி அது வந்துகொண்டிருந்தது. அப்பா போனைச் சுற்றிச் சுற்றிக் கத்தினார். பலனில்லை. அந்தப் பெட்டிகளோடு நின்றுவிட்ட கார்டு மாமாதான் சிவப்புக் கொடியோடு பாதையில் பின்னோக்கி ஓடி, சக்கரம் ஏறினால் சத்தமிடும் எச்சரிக்கை வெடியைத் தண்டவாளத்தில் வைத்து வண்டியை நிறுத்தினார். இருநூறு அடி இடைவெளி. ஒருவருக்கும் கீறல் இல்லை.

விசாரணைக்கு முந்தைய மாலை அப்பா மகளை உட்கார வைத்து, "யார் கேட்டாலும் நான்தான் பார்த்தேன். நீ அங்கே இல்லவே இல்லை. புரியுதா?" என்றார். அவரைப் பதவி இறக்கி, ஆளரவமில்லாத ஒரு ரயில்வே கேட்டுக்கு அனுப்பினார்கள். கடைசிவரை அவர் மகளை அதற்காக ஒரு வார்த்தை சொன்னதில்லை. திட்டியிருந்தாலாவது தூக்கம் வந்திருக்கும் என்று தாங்கள் சொன்னபோது, வாய்ச்சவடால் பாயிண்ட்ஸ்மேனுக்கே கண் கலங்கியது.

அந்த மூன்று நிமிஷத்தைத்தான் அம்மா, தாங்கள் முப்பத்தாறு ஆண்டுகளாகத் திருப்பிக் கட்டிக்கொண்டிருந்தீர்கள். முப்பத்து நாலு வண்டி நாலாகிவிட்டது. ஷெட்டின் கூரையைப் பிரித்து விற்றாயிற்று. முந்நூறு வீடுகளில் ஒன்பதில்தான் விளக்கு எரிகிறது. இன்று தாங்கள் ஓய்வு பெறுவதோடு, நாளை முதல் இந்த ஸ்டேஷனுக்கு மாஸ்டர் கிடையாது என்று உத்தரவும் வந்தாயிற்று. பலகை பார்ப்பதற்குப் பதிலாகச் சக்கரங்களை எண்ணும் பெட்டி ஒன்றை மாட்ட வந்த இஞ்சினியரிடம், "அது தப்பா எண்ணுச்சுன்னா யாரு பார்ப்பா?" என்று நாலு முறை கேட்டீர்கள். அவர் நாலு முறையும் நல்லபடியாகவே விளக்கினார். தங்கள் கை மட்டும் முந்தானையை முறுக்குவதை நிறுத்தவில்லை. எங்களுக்கும் அந்தப் பெட்டி மேல் இன்னும் நம்பிக்கை வரவில்லை என்பதை மறைக்க விரும்பவில்லை.

இதை வாசிக்கும்போது மணி நாலு பதினெட்டு ஆகியிருக்கும். நாலு இருபது பாசஞ்சர் வரும். மாலையோடும் பொன்னாடையோடும் தாங்கள் எழுந்து ஓடுவீர்கள் என்று தெரிந்துதான் தங்கள் நாற்காலியைப் பாதையைப் பார்க்கப் போட்டிருக்கிறோம். ஆகவே வாசிப்பு இங்கே நிற்கும். பலகை இல்லாவிட்டால் மீதியை வாசிக்க வேண்டியதில்லை. வேறு வேலை இருக்கும். இருந்தால், தாங்கள் போன் பேசிவிட்டு வந்து அமர்ந்த பிறகு தொடரும்.

(வாசிப்பவர் காத்திருக்கவும்.)

அம்மா, இத்தகைய மடல்களை முடிக்கும்போது நோய்நொடியின்றி நூறாண்டு வாழ்வீர்கள் என்று அடித்துச் சொல்வது வழக்கம். பார்க்காததைச் சொல்லக் கூடாது என்று எங்களுக்குக் கற்பித்தவர் தாங்கள். வரப்போகும் ஆண்டுகளை நாங்கள் பார்க்கவில்லை. எனவே நூறாண்டு வாழ வேண்டும் என்று வேண்டிக்கொள்வதோடு நிறுத்திக்கொள்கிறோம்.

பார்த்ததை மட்டும் உறுதியாகச் சொல்கிறோம். முப்பத்தாறு ஆண்டுகள் எங்கள் கண் முன்னே வந்தன. நாலு பேரும் தலையைத் தூக்கித்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். தங்கள் பணி முழுசா வந்துடுச்சும்மா. இன்று இரவு தூங்குங்கள்.

இப்படிக்கு,
பலகையைப் பார்த்த நால்வர்:
டிக்கெட் கிளார்க், பாயிண்ட்ஸ்மேன், கேட்காரர், பிளாட்பாரம் பெருக்கும் அக்கா