முந்தானை அடையாளம்

முசரவாக்கம் பஸ். டிரைவர் அலறவிட்ட பாட்டையும் மீறி, முன் சீட்டில் இருந்த அக்காவும் தம்பியும் பேசியது காதில் விழுந்தது. தம்பிக்கு ஐம்பது வயதிருக்கும். மடியில் ஸ்கேன் கவர்.

"கழுத்து ரத்தக்குழாய்ல கொழுப்பு படிஞ்சிருக்குதாம். மூளையில சின்னச் சின்னக் குழாய்ங்க கெட்டிருக்குதாம்க்கா."

"கழுத்துல படிஞ்சதாலதான் மூளையிலயுமா?"

"ரெண்டும் சேந்து வரும், அதாலதான் இதுன்னு அடிச்சு சொல்ல முடியாதுன்றாரு டாக்டரு. எனக்கு ஒண்ணுமே புரியல."

"தலவலி கூட இல்லியேப்பா. எதுக்கு டாக்டராண்ட போன?"

"தறியில முந்தானை ஆரம்பிக்கிற இடத்தத் தாண்டி, பொடவ உடலையே நெய்ஞ்சுகினு போயிட்டேன்."

"அந்த எடத்துல நூல்ல அடையாளம் வெச்சிருப்பியே, பாக்கலியா?"

"பாத்தேன்க்கா. நான் வெச்சதுதான். எதுக்கு வெச்சேன்னுதான் தெரியல."