எதிரெதிர் சன்னல்கள்

கிள்ளானிலிருந்து வந்த கொமுட்டர் ரயிலில் எனக்கு எதிரே ஓர் அம்மாவும் மகனும் உட்கார்ந்திருந்தார்கள். பிரிக்பீல்ட்ஸில் அவர்களுடைய வரிசை வீடுகளை இடித்துவிட்டு இரண்டு அடுக்குமாடிகள் கட்டப் போகிறார்களாம். அவற்றின் மாதிரியை மகன்தான் கம்ப்யூட்டரில் வரைகிறான்.

"இடம் பத்தலமா. ரெண்டு ப்ளாக்கும் ரொம்ப நெருக்கம். இந்த வீட்டு கிச்சன்லேருந்து பாத்தா அந்த வீட்டு கிச்சன் தெரியுது."

"பேசினா கேக்குமா?"

"கத்தினா கேக்கும்லா."

"பக்கத்து வீட்டு செல்வி கத்தித்தான் பேசுவா."

"மா, கிச்சனுக்கு நேரா கிச்சன் வர்றது தப்பு. பாஸ் திட்டுவாரு. திங்கக்கிழமை ஒரு ப்ளாக்கத் திருப்பி வைக்கணும்."

"இருபது வருஷமா வேலிக்கு அந்தப் பக்கம் அவ, இந்தப் பக்கம் நான். இப்ப எனக்கு ஏ ப்ளாக், அவளுக்கு பி ப்ளாக்கு. அப்புறம் நான் யாருகிட்டடா பேசுவேன்?"

அவன் கைப்பேசியில் அந்த மாதிரியைத் திறந்து, ஒரு ப்ளாக்கை விரலால் திருப்பிப் பார்த்தான்.

"கொஞ்சமாத்தான் திருப்புவேன். ஓரத்து வீட்டுக்கு மட்டும் தெரியும். உங்க ரெண்டு பேருக்கும் ஓரத்து வீடுதானே?"

"ஆமா. எனக்கு ஏழாவது மாடி, அவளுக்கு ஒன்பது."

"அப்ப செல்வி ஆன்டி குனிஞ்சுதான் பாக்கணும்."

"குனிவா," என்றார் அம்மா.